தட்டின் வேகமும் விளையாட்டின் ஓட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களிலே மாலை வேளைகளில் மண்ணிற் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்து விளையாடிய காலம் முதியோர் பலருடைய நினைவில் இன்றும் நிலைத்து நிற்பது. அவ்விளையாட்டில் வெற்றி காலின் வேகத்தையும் கண்ணின் கூர்மையையும் பொறுத்தது. அம்முதியோரின் பேரப் பிள்ளைகள் இன்று கணனியின் முன்னமர்ந்து ஆடும் விளையாட்டுக்களிலும் ஒரு தட்டு உண்டு. அது விளையாட்டினைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் வன்தட்டு. அத்தட்டு மந்தமாயின் விளையாட்டு என்னவாகும்? அதனை மாற்றினால் எவ்வளவு நன்மை விளையும்? எந்த வகையைத் தேர்வது? இவ்வினாக்கள் பொழுதுபோக்குச் சார்ந்தவைபோலத் தோன்றினும், உண்மையில் ஒரு குடும்பத்தின் வரவு செலவைச் சார்ந்தவை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டின் தொடக்கத்திற் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. கணனியின் உறுப்புக்கள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். ஆதலின், டொலரின் விலை ஏறியபோது அவற்றின் விலையும் ஏறிற்று. இத்தகைய நிலையிலே, பிள்ளை கேட்கின்றான் என்பதற்காகத் தேவையற்ற உறுப்பொன்றை வாங்கும் பெற்றோர் பணத்தை இழப்பர். தேவையான உறுப்பொன்றை மாற்ற அறியாது கணனி முழுவதையும் புதிதாக வாங்குவோர் அதனினும் பன்மடங்கு இழப்பர்.

முதலில், வன்தட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும். வானொலி நேயர்களுக்கு இசைத்தட்டு புதியதன்று. தட்டுச் சுழலும், கை நகரும், ஊசி தக்க இடத்தில் அமர்ந்ததும் பாட்டு எழும். வன்தட்டின் அமைப்பும் ஏறக்குறைய இத்தகையதே. காந்தப் பூச்சுடைய தட்டொன்று சுழல, அதன் மீது மிக நுண்ணிய இடைவெளியில் ஒரு முனை மிதந்து சென்று தரவைப் படிக்கும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறி 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்டிருந்தது. அதன் எடை ஒரு தொன்னுக்கு மேல்; அதிற் சேமிக்கக்கூடியதோ சுமார் 50 இலட்சம் எழுத்துக்கள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனைப் போலப் பல இலட்சம் மடங்கு கொள்ளும். எனினும் சுழலும் தட்டு, நகரும் கை என்னும் அடிப்படை மாறவில்லை.

மந்தத்தின் காரணம் அந்த அடிப்படையிலேயே உள்ளது. மேசைக் கணனியின் வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அஃதாவது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். தேடும் இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று வேண்டும். அது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். கை நகர்ந்து உரிய வளையத்தை அடையச் சுமார் 8 மில்லிசெக்கன் ஆகும். ஆகவே ஒரு துண்டுத் தரவைத் தேடி எடுக்க 12 மில்லிசெக்கன் வரை செல்லும். மடிக்கணனிகளிற் காணப்படும், 5,400 முறை சுழலும் தட்டுக்களில் இது இன்னும் கூடும்.

எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகத்திலோ சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா கண்டறிந்த பிளாஷ் நினைவகமே அதன் உயிர்நாடி. மின்னேற்றம் அடைபட்ட நுண்ணறைகளில் தரவு தங்கியிருப்பதால், எந்த அறையையும் ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கிலேயே அணுகலாம். ஒரு விளையாட்டுத் தொடங்குதற்குச் சிதறிக் கிடக்கும் 10,000 சிறு துண்டுகளை எடுக்க வேண்டுமெனக் கொள்வோமாயின், வன்தட்டுக்கு 120 செக்கன் ஆகும், எஸ்.எஸ்.டி.க்கு ஒரு செக்கன் போதும். நடைமுறையில் வேறுபாடு இவ்வளவு பெரிதாயிராது. ஏனெனில், எடுத்த தரவை விரித்து ஒழுங்குசெய்யும் வேலை புரொசெசரினுடையது; அதற்கும் நேரம் செல்லும். ஆயினும், காத்திருக்கும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து செக்கன் கணக்குக்கு இறங்குவது பலரும் கண்கூடாகக் காண்பது.

இவ்விடத்திலே பெரும்பாலோர் மயங்கும் ஒரு செய்தி உண்டு. எஸ்.எஸ்.டி. வாங்கினால் விளையாட்டின் காட்சிகள் செக்கனுக்கு முப்பதிலிருந்து அறுபதாகப் பெருகும் என எண்ணுவோர் பலர். அவ்வாறு நிகழ்வதில்லை. குடாநாட்டுத் தோட்டக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்திலே பயிர் கிணற்று நீரை நம்பியது. கிணற்றிலிருந்து இறைத்த நீர் தொட்டியில் நிரம்பி, வாய்க்கால் வழியே பாத்திக்குச் செல்லும். தொட்டியிலே நீர் நிறைந்திருக்கும்வரை, பாத்திக்குப் பாயும் நீரின் அளவை வாய்க்காலே தீர்மானிக்கும். கிணற்றில் இருப்பது துலாவா நீரிறைக்கும் இயந்திரமா என்பதன்று. இங்கு கிணறு சேமிப்பகம்; தொட்டி றாம் நினைவகம்; வாய்க்கால் புரொசெசரும் கிராபிக்ஸ் அட்டையும். தொட்டியை நிரப்பும் நேரத்தைத்தான் சேமிப்பகம் குறைக்கும். வாய்க்காலை அது அகலமாக்காது.

ஆயின், தொட்டி இடையிலே வற்றினால் என்னாகும்? அங்கேதான் வன்தட்டின் குறை வெளிப்படும். இக்கால விளையாட்டுக்கள் பரந்த நகரங்களையும் காடுகளையும் காட்டுவன. அவை முழுவதும் நினைவகத்தில் அடங்கா. ஆதலின், ஆடுபவன் முன்னே செல்லச் செல்ல, அடுத்த தெருவும் மரமும் சேமிப்பகத்திலிருந்து வந்துகொண்டே இருத்தல் வேண்டும். செக்கனுக்கு 60 காட்சிகள் எனின், ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன். வன்தட்டிலே ஒரு துண்டைத் தேடவே 12 மில்லிசெக்கன் செல்லுமாயின், இரண்டு துண்டுகள் வேண்டப்படும்போதே ஒரு காட்சியின் நேரம் கடந்துவிடும். அப்போது திரை ஒரு கணம் திக்கி நிற்கும். அல்லது சுவர்கள் தெளிவின்றித் தோன்றிப் பின்னர் தெளியும். சராசரி எண்ணிக்கை நன்றாயிருந்தும் ஆட்டம் இடறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். றாம் நினைவகம் குறைவான கணனியில் இவ்விடர் இரட்டிக்கும். இடம் போதாத தரவையெல்லாம் கணனி மீண்டும் தட்டிலேயே எழுதிப் படிக்க முற்படுவதே அதற்குக் காரணம்.

விளையாட்டுக்களை ஆக்குவோரும் இதனை உணர்ந்து வன்தட்டைக் கைவிட்டு வருகின்றனர். 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 பொறி, செக்கனுக்கு 5.5 கிகாபைற் படிக்கும் எஸ்.எஸ்.டி.யை உள்ளமைப்பாகவே கொண்டது. 2022 மார்ச்சில் மைக்ரோசொப்ட் நிறுவனம், சேமிப்பகத் தரவை விரைவாகக் கொண்டுசெல்லும் டிரெக்ட்ஸ்டோரேஜ் என்னும் முறையைக் கணனி விளையாட்டுக்களுக்கு வழங்கிற்று. 2023இல் வெளியான ஸ்டார்பீல்ட், 125 கிகாபைற் இடமும் எஸ்.எஸ்.டி.யும் குறைந்தபட்சத் தேவை என அறிவித்தது. சைபர்பங்க் 2077 விளையாட்டும் அதே ஆண்டிலே தன் குறைந்தபட்சத் தேவையை எஸ்.எஸ்.டி. என மாற்றிக்கொண்டது.

இனி, எஸ்.எஸ்.டி.யிலும் வகைகள் உண்டு. பழைய சாட்டா இணைப்பில் இயங்குவது செக்கனுக்குச் சுமார் 550 மெகாபைற் வரை படிக்கும். என்.வி.எம்.ஈ. வகையில் மூன்றாந் தலைமுறை சுமார் 3,500 மெகாபைற்றும், நான்காந் தலைமுறை சுமார் 7,000 மெகாபைற்றும் படிக்கும். எண்கள் மலைக்க வைப்பன. ஆனால் பெரும்பாலான விளையாட்டுக்களில், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.ஈ.க்கு மாறுவதால் மீதமாவது சில செக்கன்களே. வன்தட்டிலிருந்து எந்தவொரு எஸ்.எஸ்.டி.க்கும் மாறுவதே பெரும் பாய்ச்சல். அதற்கு மேற்பட்டவை சிறு படிகள். ஆதலின் சாட்டா எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே உள்ளவன் விலையுயர்ந்த புதிய வகைக்குச் செலவிடும் பணத்தைக் கிராபிக்ஸ் அட்டைக்கோ றாம் நினைவகத்துக்கோ ஒதுக்குதல் அறிவுடைமை.

வாங்குமுன் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. எம்.2 எனப்படும் சிறு பலகை வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.ஈ. வகையும் உண்டு. வடிவம் ஒன்றாயினும், சில கணனிகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். பழைய மடிக்கணனிகள் பலவற்றில் அவ்விடமே இராது. அவற்றுக்கு இரண்டரை அங்குலச் சாட்டா வகையே பொருந்தும். தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்த்தறியாது கடைக்குச் செல்வது, அளவறியாது செருப்பு வாங்குவதை ஒக்கும்.

குடாநாட்டின் தட்பவெப்பத்தையும் கருதுதல் வேண்டும். என்.வி.எம்.ஈ. சேமிப்பகம் மிகுதியாகச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாத வெயிலில், காற்றோட்டமற்ற பெட்டியினுள் இருக்கும் விரைவான சேமிப்பகம் தன் முழு வேகத்தைக் காட்டாது. அதன் மீது பொருத்தும் சிறிய உலோகத் தகடும், தூசி நீக்கப்பட்ட விசிறியும் பயன்தருவன. எஸ்.எஸ்.டி. நிறைய நிறைய எழுதும் வேகமும் குறையும். பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை இடத்தை வெறுமையாக விடுதல் நன்று.

மின்சாரத்தைப் பற்றி இப்பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990இன் பின்னர் மின்சாரமின்றி வாழ்ந்த ஆண்டுகளில், மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மண் இது. 2022 மார்ச் இறுதியிலும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்தது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் வன்தட்டாயினும் எஸ்.எஸ்.டி.யாயினும் கோப்பு பழுதுபடலாம். பல நாள் ஆடிச் சேமித்த நிலையும் அழியலாம். வேகமான சேமிப்பகம் இதற்கு மருந்தாகாது. மேசைக் கணனிக்கு யு.பி.எஸ். எனும் மின்காப்புப் பெட்டியே துணை.

அப்படியாயின், பழைய வன்தட்டை எறிந்துவிடலாமா? வேண்டுவதில்லை. நெல்லைக் கொம்பறையிலே சேர்த்து, அன்றாடத்துக்கு வேண்டிய அரிசியை மட்டும் அடுக்களையில் வைத்த வழக்கம் இங்கும் பொருந்தும். ஆடும் விளையாட்டை எஸ்.எஸ்.டி.யிலும், ஏனையவற்றை வன்தட்டிலும் வைக்கலாம். 100 கிகாபைற் விளையாட்டொன்றை வன்தட்டிலிருந்து செக்கனுக்கு 150 மெகாபைற் வீதம் மாற்றப் பதினொரு நிமிடமளவே செல்லும். அதனையே செக்கனுக்கு 20 மெகாபிற் வேகமுள்ள இணையத்தில் மீண்டும் பதிவிறக்கப் பதினொரு மணித்தியாலம் வேண்டும். தரவுக்கான கட்டணமும் வேறு.

வன்தட்டுக்கு இன்னொரு பணியும் உண்டு. விளையாட்டுக்கு உதவும் அதே கணனியிலேதான் பிள்ளையின் பாடக் குறிப்புக்களும், வீட்டாரின் திருமணப் படங்களும், மறைந்தோரின் குரல்களும் தங்கியிருக்கின்றன. வேகத்துக்காகத் தட்டை மாற்றும் நாளிலே, இவற்றின் படியொன்றைப் பழைய தட்டிற் பதித்துத் தனியே வைத்தல் கடமை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதிருந்த ஏடுகள் மீளவில்லை. ஒரே இடத்தில் ஒரே படி என்பதன் ஆபத்தை இவ்வூர் அறிந்த அளவு அறிந்த ஊர்கள் சிலவே.

ஆகவே, தேர்வின் வரிசை தெளிவாகின்றது. வன்தட்டில் இயங்கும் கணனியாயின், முதலில் ஒரு எளிய எஸ்.எஸ்.டி.; அதனால் பழைய கணனியும் சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். எஸ்.எஸ்.டி. இருந்தும் காட்சிகள் மந்தமாயின், குறை சேமிப்பகத்தில் இல்லை; நினைவகத்தையும் கிராபிக்ஸ் அட்டையையும் நோக்குதல் வேண்டும். இரண்டும் போதுமாயின், பணத்தைப் பையிலேயே வைத்திருத்தல் மிகச் சிறந்த தேர்வு.