பாடம் சொன்னவர்



ஆசிரியப் பணியை அறப்பணி என்று போற்றுவது வழக்கம். போற்றிவிட்டு ஊதியத்தை மறந்துவிடுவதும் வழக்கமே. நிலையான ஊதியமின்றியும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பாடம் சொன்னார் என்றால், அவரை அப்பணியில் நிறுத்தியது எது? திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வாழ்க்கை இவ்வினாவை ஆராய ஏற்றது.

இளமையில் அவருக்குக் கல்வி எளிதாக வாய்க்கவில்லை. தண்டியலங்காரம் கற்பதற்காகப் பிச்சையேற்றுத் திரிந்த பரதேசி ஒருவரின் பின்சென்று பணிவிடை செய்தவர் அவர். ஏடு உடையோர் எளிதில் ஏடு தாராத காலம் அது. அத்தாகத்தைத் தாமே பட்டறிந்தவர், பிற்காலத்தில் தம்மை நாடி வந்தோரிடம் பொருளை எதிர்பார்த்திலர். சமயத்தைத் தடையாகக் கொண்டிலர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் சவரிராயலு நாயகரும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. மாணவர்க்குத் தம் இல்லத்தில் உணவும் இட்டார், கடனும் பட்டார். இதனைத் தியாகம் என்று பாடி அமைவது எளிது. தலபுராணம் வேண்டிப் பெற்ற புரவலர் எல்லாரும் அவர் வீட்டு நெல்லையும் எண்ணினார்களா என்பது கேட்கத்தக்கது.

எனில் அவர் பெற்ற பயன் யாது? 1871இல் உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் அவர் பாடங்கேட்ட நூல்கள் பலவாயினும் சீவக சிந்தாமணி அவற்றுள் இல்லை. புராணங்களும் பிரபந்தங்களுமே அந்நாளில் பெரிதும் பயிலப்பட்டன. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட பின்னரே மாணவர் சிந்தாமணியின் பக்கம் திரும்பினார். 1887இல் அதனைப் பதிப்பித்தார். ஆசிரியர் சொல்லாத நூல் அது. ஆயினும் பிழைபட்ட ஏட்டில் ஓசையைக் கொண்டே சீரைப் பிரித்தறியும் செவியும், விளங்காத இடத்தில் சலியாது நிற்கும் பொறுமையும் மாயூரத்துப் பாடத்தில் விளைந்தவை அல்லவா? தாம் செல்லாத வழியிலும் மாணவன் செல்வான் என்னும் இந்த நம்பிக்கைக்கு ஈடான ஊதியம் அரிது.

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவரே. 1880இல் ஓய்வு பெறுகையில், தம் இடத்துக்குச் சாமிநாதையரை முயன்று அமர்த்தியவர் அவர். ஆசிரியர் மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். முதற்பாகம் வெளிவந்தபோது அவருக்கு அகவை 78.