ஈட்டும் அறமும் ஈயப்படும் அருளும்



யாழை மீட்டி மீட்டியே ஒருவன் இசைஞன் ஆகிறான். நேர்மையான செயல்களைச் செய்து செய்தே நேர்மையாளன் ஆகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. நன்னெறிக் கல்வி கற்பிக்கும் நம்மில் பலரும் இதை நம்பியே வகுப்பறைக்குள் நுழைகிறோம். கிறித்துவ இறையியலுக்கோ இக்கொள்கை ஓர் இடர்ப்பாட்டைத் தந்தது. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியுமெனில், இறையருள் எதற்கு?

கட்டளையிட்ட இறைவன், அதை நிறைவேற்றும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்தே இருப்பான் என்றார் பெலாஜியுஸ். விருப்பமே நோயுற்றிருக்கையில் அவ்வாற்றல் எப்படிச் செயற்படும் என்பது அகுஸ்தீனின் மறுப்பு. 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாஜியுசின் கொள்கையைக் கண்டித்தது. அவர் ஒழுக்கத்தில் தளர்ந்தவர் அல்லர். மிகக் கண்டிப்பானவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இரண்டையும் கைவிடாமல் பற்றிக்கொண்டார். விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகியவற்றை மனிதன் பழக்கத்தால் ஈட்டலாம். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றும் இறைவனால் உள்ளத்தில் பொழியப்படுபவை என்றார். பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இம்மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் எனப்பட்டன. அன்று எதிர்நோக்கைக் குறித்த ‘நம்பிக்கை’ இன்று விசுவாசத்தைக் குறிப்பதை மொழி பயிலும் மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

1517 செப்டம்பரில் மார்ட்டின் லூத்தர் அரிஸ்டாட்டிலின் வரிசையையே தலைகீழாக்கினார். நற்செயல்களால் நாம் நீதிமான்கள் ஆவதில்லை, நீதிமான்களாக ஆக்கப்பட்ட பின்னரே நற்செயல் பிறக்கிறது என்பது அவர் வாதம். இக்கண்டனம் அரிஸ்டாட்டிலைத் தாக்கும் அளவுக்கு அக்குவினாஸைத் தாக்கவில்லை என்பதே நம் கருத்து. ஏனெனில் அருளை அறத்தின் பரிசாக அவர் வைக்கவில்லை. இறையன்போடு சேர்ந்து, பழக்கத்தால் ஈட்டப்படாத ஒரு தன்னடக்கமும் அருளாகவே கிடைக்கிறது என்கிறார்.

நெடுநாள் குடித்துப் பழகிய ஒருவன் மனந்திரும்பியதாகக் கொள்வோம். அக்குவினாஸின் விளக்கப்படி, தன்னடக்கம் அவனுக்கு அப்பொழுதே அருளப்பட்டுவிடுகிறது. ஆயினும் முந்தைய செயல்கள் விட்டுச்சென்ற நாட்டம் உடனே அகல்வதில்லை. பழகி ஈட்டிய அறம் செயலை எளிதாக்கும். பொழியப்பட்ட அறமோ ஆற்றலைத் தரும், எளிமையை உடனே தருவதில்லை. ஆகவே அவன் மதுக்கடையைக் கடக்கையில் படும் பாட்டை மட்டும் கண்டு, அவன் அருள் பெறாதவன் என்று தீர்ப்பளிக்க அக்குவினாஸ் இடந்தரவில்லை.