விறாந்தைத் தூணின் அளவு

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீட்டு விறாந்தைகளில் நிற்கும் உருண்டைத் தூண்களைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அப்படியொரு தூணை அடியிலிருந்து பாருங்கள். முதலில் சதுரப் பீடம், அதன்மேல் ஒரு வளையம். பிறகு செதுக்கல் எதுவுமில்லாத வழுவழுப்பான தண்டு, மேலே போகப்போகச் சற்று ஒடுங்கும். உச்சியில் இன்னொரு வளையமும் சதுரப் பலகையும். இந்த அமைப்புக்குத் தஸ்கன் என்று பெயர். அடி விட்டத்தைப்போல ஏழு மடங்கு உயரம் வேண்டும் என்று கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலேயே உரோமரான விட்ருவியஸ் எழுதிவைத்தார்.

அந்த மரபு இங்கே கடல்வழி வந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், 1706இல் அதனுள்ளே கிரேக்கச் சிலுவை வடிவில் தேவாலயம் கட்டினார்கள். அந்தத் தேவாலயத்தை அண்மைய உள்நாட்டுப் போர் அழித்துவிட்டது. அது கட்டப்பட்ட அதே நூற்றாண்டில், புதையுண்ட உரோமர் நகரங்களான ஹெர்குலேனியமும் 1738இலும் பொம்பெயியும் 1748இலும் தோண்டப்பட, ஐரோப்பியரின் ரசனையே மாறியது. கதிரைக் கால்கள் வளைவு நீங்கி நேராயின. இங்கிலாந்துக் குயவர் வெட்ஜ்வுட்டின் நீல மட்பாண்டங்களில் கிரேக்க உருவங்கள் வெள்ளையாக எழுந்தன. அளவே அழகு என்ற எண்ணம் ஓங்கியிருந்த அந்தக் காலத்தில், 1795இல், ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள்.

எங்கள் மேசன்மார் அந்த அளவைத் தங்கள் கைக்கு வசப்படுத்தினார்கள். இந்த மண்ணின் சுண்ணக்கல்லில் தூணை எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே பனைமரச் சிலாகைகளை ஏற்றினார்கள். ஐரோப்பாவில் மாளிகை வாசலில் அதிகாரத்தைக் காட்டி நின்ற தூண், இங்கே நாற்சார் வீட்டு முற்றத்தைச் சுற்றி நின்று குடும்பத்துக்கு நிழல் தந்தது. நல்லூர் மந்திரிமனையில் ஐரோப்பிய முகப்பும் திராவிட மரவேலைப்பாடும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருக்கின்றன. இதை இரவல் அழகு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அளவு அங்கிருந்து வந்திருக்கலாம். கல்லும் கையும் வாழ்க்கையும் எங்களுடையவை.

பழைய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூண்களுக்குச் சீமெந்து பூசாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும்; கல் உப்பேறி உதிரத் தொடங்கும். இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாலும், முதலில் தூணின் உயரத்தையும் சுற்றளவையும் அளந்து குறித்து, படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு அதேபோல ஒன்றைக் கட்ட விரும்புகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு உதவும்.