உப்புக் காற்றுக்கு ஏற்ற கட்டில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த மரக்காணம், தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் போலவே உப்பு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதும், ஆந்திரக் கரையிலிருந்து கடலை ஒட்டியே வெட்டப்பட்டு வந்த பக்கிங்காம் கால்வாய் இவ்வூர்ப் பக்கம் வந்து முடிகிறது என்பதும் நேயர்களில் பலர் அறிந்தவையே. லாரிகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தில் இங்கு விளைந்த உப்பு அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று. இன்றோ, வடக்கேயிருந்து சாலை வழியாகக் கட்டிலும் சோபாவும் அட்டைப்பெட்டிகளில் கட்டப்பட்டு இதே கரைக்கு வந்து இறங்குகின்றன. கைப்பேசித் திரையில் பார்த்து வாங்கப்படும் அறைகலன்கள், அதாவது கட்டில், அலமாரி, மேசை, நாற்காலி முதலிய வீட்டுச் சாமான்கள், உப்பளக் கரையில் எவ்வாறு நிலைக்கின்றன என்பதும், அவற்றை வீடு கொண்டுவந்து சேர்ப்பதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பதும் இவ்வுரையின் பொருள்.

இப்பகுதி வீடுகளில் கட்டிலும் பீரோவும் பெரும்பாலும் கல்யாணச் சீராக வந்தவை. திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கடையில் பேரம் பேசி வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தவை சில. மரத்தை எடுத்துக் கொடுத்து ஊர்த் தச்சரிடம் செய்வித்தவை சில. இணையவழி விற்பனை இவ்வழக்கத்தின் நடுவே நுழைந்து வெகுகாலம் ஆகவில்லை. மும்பையின் பெப்பர்ஃபிரையும் பெங்களூரின் அர்பன் லேடரும் 2012இல் தொடங்கின. பின்னதன் பெரும்பங்கை 2020இல் ரிலையன்ஸ் ரீடெயில் வாங்கிக்கொண்டது. சுவீடனின் ஐகியா 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. இந்த வரலாற்றை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை. யாரிடம் வாங்குவது என்ற கேள்வி மற்ற ஊர்களில் முதலில் எழலாம். மரக்காணத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வி, வாங்கும் சாமான் எதனால் செய்யப்பட்டது என்பதே.

இதற்குக் காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்திகளில் தேக்கிய நீர் வெயிலில் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறுவதைப் போமே டிகிரி என்னும் அளவால் குறிப்பர். ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும் கடல்நீர் 25 டிகிரியை எட்டும்போது சமையலுப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தொட்டதும் எஞ்சிய கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவர், ஏனெனில் அதில் மக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும். இந்த மக்னீசியம்தான் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆள். காற்று தாங்கக்கூடிய முழு நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்பர். அது 75 விழுக்காட்டளவைத் தாண்டினால்தான் தூய சமையலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். கழுவாத கல்லுப்பு இருக்கும் ஜாடி ஐப்பசி, கார்த்திகையில் நீர் விட்டுக்கொண்டு நிற்பதற்கும், கடலோர வீட்டின் ஜன்னல் கம்பி மழை இல்லாத நாளிலும் விரலில் பிசுபிசுப்பதற்கும் இதுவே காரணம். கடல்நீரில் இரண்டு உப்பும் கலந்தே இருப்பதால், அலை உடைந்து எழும் நுண்திவலைகள் காற்றில் வந்து படியும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. இப்படிவு கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் மிகுதியாகவும், உள்ளே போகப் போக விரைந்து குறைந்தும் காணப்படும். ஆகையால் கடலை ஒட்டிய எக்கியார்குப்பத்து வீடு ஒன்றுக்கும் உள்ளே தள்ளியுள்ள திண்டிவனத்து வீடு ஒன்றுக்கும் ஒரே அலமாரியைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

அந்த ஈரப்படலம் முதலில் பிடித்துக்கொள்வது கீலைத்தான். இணையத்தில் வரும் அலமாரிகளின் கதவில், தச்சர்கள் ஆட்டோ ஹிஞ்ச் என்று அழைக்கும் கிண்ண வடிவக் கீல் இருக்கும். அது பெரும்பாலும் மெல்லிய துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்பு. முதலில் அதன் வளைவுகளில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாற்போல வெள்ளைப் பொடி பூக்கும். அது துத்தநாகம் கரைவதன் அடையாளம். பூச்சு தீர்ந்த இடத்தில் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். பிறகு சுருள்வில் இறுகிக் கதவு கிறீச்சிடும். திருகாணித் தலையின் பள்ளம் துருவால் மழுங்கி, ஸ்குருடிரைவர் பிடிப்பின்றி வழுக்கும். துருக்கறை வெள்ளை மைக்காவின்மேல் கோடாக வழிந்து இறங்கும். அலமாரி பார்வைக்குப் புதிதாகவே இருக்கையில் கதவு மட்டும் தொங்கிவிட்டது என்று தச்சரைத் தேடும் வீடுகளில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. துருப்பிடிக்காத எஃகு என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. 304 எனக் குறிக்கப்படும் வகை, கடற்கரையில் தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகளைக் காட்டும். இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் என்னும் உலோகம் சேர்ந்த 316 வகையே உப்பை நன்கு தாங்கும். படுக்கையைத் தூக்கினால் கீழே பெட்டி தெரியும் ஹைட்ராலிக் கட்டில்களை விரும்புவோர், படுக்கையைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டிலும் இதே துரு குழி பறிக்கும் என்பதையும், குழி விழுந்த தண்டு அடைப்பானைக் கிழித்துவிட்டால் அடைத்துவைத்த வாயு கசிந்து, தூக்கும் விசை போய்விடும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பலகை. விற்பனைத் தளங்கள் என்ஜினியர்டு வுட் என்று ஒரே பெயரில் மூன்று பொருள்களை அடக்கிவிடுகின்றன. மரத்தூளையும் சிம்புகளையும் பசையிட்டு அழுத்தியது துகள் பலகை. மரநாரை அரைத்து அழுத்தியது எம்.டி.எஃப்.; மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது பிளைவுட். முதல் இரண்டிலும் வழக்கமாகச் சேரும் யூரியாப் பசை ஈரத்துக்கு எளிதில் விட்டுக்கொடுப்பது. முகப்பில் படிந்த மைக்கா நீரைத் தடுத்தாலும், விளிம்பில் ஒட்டிய பட்டை சற்றே உரிந்த இடத்திலும், திருகாணிக்காகத் துளைத்த ஓட்டையிலும் பலகையின் உள்ளுடல் திறந்தே கிடக்கிறது. தரையைத் துடைக்கும் ஈரத்துணி நாள்தோறும் அந்த விளிம்பை நனைக்கையில் பலகை உப்பிப் பருக்கிறது. உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை, அதில் திருகாணியும் நிற்பதில்லை. பிளைவுட்டிலும் ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரத்தின்கீழ் வரும் எம்.ஆர். வகை உலர்ந்த அறைகளுக்கே உரியது, ஐ.எஸ். 710 என்று முத்திரையிட்ட கடல்தரப் பிளைவுட் ஃபீனால் பசையால் ஒட்டப்படுவதால் ஈரத்தை நெடுங்காலம் தாங்கும். இவை எவையுமே வேண்டாம், முழுமரமே வேண்டும் என்பார்க்கும் ஒரு சொல் உண்டு. இணையத்தில் மிகுதியாகக் கிடைக்கும் ஷீஷம், மாமரக் கட்டில்களில் பல ராஜஸ்தானத்து ஜோத்பூரில் செய்யப்படுகின்றன. அவ்வூரின் வறண்ட காற்றுக்கேற்பக் காய்ந்து பொருத்தப்பட்ட இழுப்பறை, இக்கரையின் ஈரக்காற்றில் குறுக்குவாட்டில் விரிந்து இறுகிக்கொள்வது மரத்தின் இயல்பே. மரம் நீளவாட்டில் ஏறத்தாழ அசைவதேயில்லை. தை, மாசியில் வெயில் ஏறி ஈரம் குறைந்த பின்னும் இறுக்கம் நீங்காவிட்டால் மட்டுமே இழைப்புளி போட வேண்டும். அவசரப்பட்டு மழைக்காலத்தில் சீவியவர் கோடையில் இடைவெளியைப் பார்க்க நேரும்.

பிரித்துப் பெட்டியில் அனுப்பும் அறைகலன் புதுமையன்று என்பதையும், அதன் வரலாற்றிலேயே ஈரத்துக்கு ஓர் இடம் இருப்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மிக்கேல் தோனெட் என்னும் மரக்கலைஞர் மெல்லிய தகடுகளைப் பசையிட்டு வளைத்து நாற்காலி செய்துவந்தார். கப்பலேறி வெப்பநாடுகளுக்குப் போனவற்றில் ஈரத்தால் பசை விட்டுப்போயிற்று. அதன்பின் அவர் முழுக்கட்டையையே நீராவியில் வளைத்து, திருகாணியால் பிணைக்கும் முறைக்கு மாறினார். 1859இல் வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி, பிரித்த நிலையில் 36 நாற்காலிகள் ஒரு கனமீட்டர்ப் பெட்டிக்குள் அடங்குமாறு அமைந்து உலகெங்கும் சென்றது. மரக்காணத்தில் இன்று பெட்டியைப் பிரிப்பவர், தோனெட் கைவிட்ட பசைக்கே திரும்பிப் போகலாமா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024 முதல் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. 72க்கு 78 அங்குலம் கொண்ட கிங் சைஸ் கட்டில் ஒன்று மட்டும் 39 சதுர அடியை எடுத்துக்கொள்ளும், அதாவது வீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். நிலைச்சட்டத்தின் உள்ளளவையும், அறைக்குள் திரும்பும் மூலையையும், அலமாரியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தொடுமா என்பதையும் டேப் வைத்துப் பார்த்த பின்னரே விரல் திரையைத் தொட வேண்டும். தரையோடு ஒட்டிய பெட்டிக் கட்டிலைவிட நான்கு விரற்கிடையாவது கால் உயர்ந்த கட்டில், வெள்ளம் வந்து போகும் குப்பங்களுக்கு நல்லது.

வெள்ளம் என்றதும் காலத்தையும் பேச வேண்டும். தீபாவளிச் சலுகை விற்பனைகள் வரும் வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை இக்கரையில் இறங்குகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தையே நீரில் ஆழ்த்தியது. அட்டைப்பெட்டியில் வரும் துகள் பலகைக்கு இதைவிடப் பொல்லாத காலம் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கும் இதுவே கூலி அற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் நீரில் கிடக்கும்போது அவர்களுக்கென 2022 முதல் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. ஐப்பசியில் தள்ளுபடியைக் கண்டு தவணையில் வாங்கினால் முதல் சில தவணைகள் வருமானமில்லாத மாதங்களிலேயே விழும். தை மாத முகூர்த்தத்துக்குச் சீர் வாங்குவோர் புரட்டாசித் தொடக்கத்திலேயே வாங்கி உலர்ந்த அறையில் வைப்பதும், அது இயலாவிடில் மழை ஓய்ந்து மார்கழியில் வாங்குவதும் அறிவுடைய ஏற்பாடு. பிந்தியதில் முகூர்த்த நாளுக்கு முன்பே வந்து சேருமா என்ற கவலை இருக்கும் என்பது உண்மைதான்.

சேர்ப்பித்தல், அதாவது டெலிவரி, அஞ்சல் குறியீட்டில் தொடங்குகிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று கடிதங்களுக்காக ஏற்பட்ட ஆறிலக்க எண், இன்று கட்டில் வருமா வராதா என்பதையே தீர்மானிக்கிறது. மரக்காணத்துக்கு உடை, கைப்பேசி அனுப்பும் தளம் மூன்று கதவு அலமாரியையும் அனுப்பும் என்று கொள்ள முடியாது. கனச் சாமான்களுக்கு வேறு கிடங்கு, வேறு வண்டி. புதுச்சேரியில் இருக்கும் உறவினர் முகவரிக்கு வரவழைத்து அங்கிருந்து ஏற்றிவருவோர், பொருத்தித் தரும் தச்சர் பற்றுச்சீட்டில் உள்ள முகவரிக்கே அனுப்பப்படுவார் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரிய லாரி குப்பத்துத் தெருவுக்குள் திரும்பாது; சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகும் சாமானை வீட்டுக்குள் சேர்ப்பது யார் பொறுப்பு, மாடிக்குத் தனிக் கூலியா, பொருத்துபவர் அன்றே வருவாரா, மறுநாளா என்பவற்றை வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி பிரிக்கும் வரை ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதிருப்பதும், பிரிப்பதைக் கைப்பேசியில் படமெடுப்பதும், மூலை நசுங்கிய பெட்டியாயின் அதைச் சீட்டிலேயே குறித்துக் கையெழுத்திடுவதும் பின்னால் வழக்குக்கு உதவும்.

வழக்கு வரை போக வேண்டியதில்லை என்றாலும் நேரம் முடியுமுன் சட்டத்தைச் சொல்லிவிடலாம். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளக்கத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் பெங்களூரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இங்கெனில் விழுப்புரத்திலேயே, முறையிட இடம் தருகிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டெலிவரிக்கு முன் சிறுதொகை அனுப்புமாறு கேட்டு வரும் போலி அழைப்பில் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டியது 1930.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வாங்குபவருக்குக் கிடைக்காத தகவல் ஒன்று இருக்கிறது. கட்டிலின் நிறத்தை எட்டுக் கோணங்களில் காட்டும் தளங்கள், அதன் கீல் எந்த உலோகம், பலகை எந்த ஐ.எஸ். எண், விளிம்பு நான்கு பக்கமும் அடைக்கப்பட்டதா என்ற மூன்று வரிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. வரும் தை முகூர்த்தங்களுக்குள் ஒரு தளமாவது அந்த மூன்று வரிகளைச் சேர்த்தால் நன்று. அதுவரை நேயர்கள் அவற்றை விற்பவரிடம் எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களாக.