தொழிற்கல்விக்கு முன்னாயத்தம்



நம் நாட்டில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே மருத்துவக் கல்லூரியின் வாயிலை நாடுகிறோம். அமெரிக்காவில் பெரும்பாலும் அவ்வாறன்று. நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்த பின்னரே மருத்துவமோ சட்டமோ பயிலப் புகுவர். அதற்கு முந்திய முன்னாயத்தம் தனிப்பட்டம் அன்று. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மாணவரும், உயிரியல், வேதியியல், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியுடன் கற்று, எம்-கேட் என்னும் தேர்வையும் எழுதி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்.

காலிபோர்னியாவிலுள்ள பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். 1937-இல் தோன்றிய கிறிஸ்தவக் கல்வி நிலையம் அது. 1963-இல் தன் மாணவரை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்கு அனுப்பிக் கற்பிக்கத் தொடங்கியது.

மருத்துவம் நாடுவோர்க்கு இத்தகைய பயணத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கரிம வேதியியல் போன்ற பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைபவை. ஒரு பருவம் விடுபட்டால் ஓராண்டே பின்தங்க நேரலாம். ஆகவே அயல்நாடு செல்ல விழைவோர் முதலாண்டிலேயே ஆசிரியருடன் கலந்து, நான்காண்டுக்கும் திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

"இத்துணைத் தொல்லை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மொழி அறியாத ஊரில் வழி கேட்டுத் திகைத்து நின்றவர், பிற்காலத்தில் தம்முன் சொல்லத் தெரியாமல் தவிக்கும் நோயாளியின் நிலையை எளிதில் உணர்வார். எந்தத் தொழிலை நாடினும், தேர்வுக்கு வேண்டியதை மட்டும் கற்று அமையாதீர்கள்.