தோட்டாக்கூடும் சூடும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

என்.சி.சி. பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் ஒரு பித்தளைக் கூட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

அன்று ரேஞ்சில் .303 ரைஃபிள். ஆளுக்கு ஐந்து ரவுண்டு. எனக்கு இடப்பக்கம் படுத்திருந்தவன் போல்ட்டை வெடுக்கென்று இழுத்தான். வெறுங்கூடு பறந்து வந்து என் காலருக்குள் விழுந்தது. "ஐயோ" என்று அலறிக்கொண்டு, ரவுண்டு ஏற்றிய ரைஃபிளோடு அப்படியே திரும்பிவிட்டேன். உஸ்தாத் பாய்ந்து வந்து குழலைத் தரையோடு அமுக்கினார். அதற்குமுன் குழல் யாரைப் பார்த்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆள் இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் லேபில் இயற்பியல் சாரிடம் கழுத்துக் கொப்புளத்தைக் காட்டி, "இவ்வளவு சூடு எப்படி சார்?" என்றேன். "இவ்வளவோடு போச்சே, அது எப்படின்னு கேளுப்பா" என்றார்.

நியாயந்தான். மருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். கூடோ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. 900 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகத் தொடங்கிவிடும். ஆனால் அந்த வாயு கூட்டோடு இருப்பது சில மில்லிசெகண்டுதான். உள்தோலில் பட்ட சூட்டைப் பித்தளை சட்டென்று உடம்பு முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது. அதே நேரத்தில் அழுத்தத்தால் உப்பி, அறைச்சுவரோடு ஒட்டி, வாயு நம் முகத்துக்கு வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்குவதால்தான் இழுத்தால் வருகிறது. வரும்போது தன் பங்குச் சூட்டையும் எடுத்துக்கொண்டு வரும். அன்று அது எனக்குக் கிடைத்தது!

மருந்தின் சக்தியில் குண்டுக்குப் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி வாயுவோடு போய்விடும். ஒரு பகுதி குழலில் தங்கும். ஐந்து ரவுண்டில் அது தெரியாது. இயந்திரத் துப்பாக்கியில் தெரியும். விக்கர்ஸ் குழலைச் சுற்றிச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் நிரப்பினார்கள். விடாமல் சுட்டால் சில நூறு ரவுண்டில் அதுவே கொதிக்கும். காற்றில் ஆற வேண்டிய துப்பாக்கியில், காய்ந்துபோன அறைக்குள் ஒரு ரவுண்டை விட்டுவைத்தால் விசையைத் தொடாமலே வெடிக்கும். 'குக்-ஆஃப்' என்பார்கள். அதனால்தான் பல இயந்திரத் துப்பாக்கிகளில், சுடுவதை நிறுத்தியதும் போல்ட் பின்னால் திறந்தே நிற்கும்; அறையில் ரவுண்டு இருக்காது.

ஜெர்மனியில் ஜி-11 ரைஃபிளுக்குக் கூடே இல்லாத தோட்டா செய்தார்கள். சூட்டை வெளியே எடுத்துப்போக ஆள் இல்லை. தோட்டா தானே வெடித்தது. கடைசியில் மருந்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

கேடட் தம்பி தங்கைகளே, ரேஞ்சுக்குப் போனால் மேல் பித்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். எது உள்ளே விழுந்தாலும் குழல் இலக்கைவிட்டுத் திரும்பக் கூடாது. அன்று கூடுகளை எண்ணி ஒப்படைக்கும்போது ஒன்று குறைந்தது. எல்லோரும் புல்லைக் கிளறித் தேடினோம். கடைசியில் உஸ்தாத் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்.