அத்தைக்கு வந்த வயிற்றுக் கட்டி

ஏற்காடு மலையில், வெள்ளக்கடைப் பக்கம் காபிப் பழம் பறிக்கும் நாட்களில் மூட்டை கட்டுகிற கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய நுனியில் ஒரு முடிச்சு இருக்கும். அது இல்லாவிட்டால் புரி பிரிந்து, இரண்டே நாளில் கயிறு வெறும் நாராகிவிடும்.

நம் உடம்பின் செல்லுக்குள்ளும் இப்படி 46 கயிறுகள் உண்டு. குரோமோசோம் என்கிறோம். அவற்றின் நுனி முடிச்சுக்குப் பெயர் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்த நுனி கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். தேய்ந்ததை வளர்த்துக் கொடுக்கும் நொதி டெலோமரேஸ். இதையெல்லாம் கண்டு சொன்ன எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் நுனி நீளமாக இருப்பது நல்லதுதானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தேய்மானம் உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட கடிவாளம். நுனி தேயாத செல், தவறுகளைச் சேர்த்துக்கொண்டே நெடுநாள் பிரிய முடியும். டெலோமரேஸுக்கான டெர்ட் மரபணுவில் உள்ள சில பிறவி வேறுபாடுகளுக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறவியிலேயே நீள நுனி வாய்த்தவர்களுக்கு இதய நோய் குறைவு, சில புற்றுநோய்கள் அதிகம் என்று 2017-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. அதிகமாகும் நோய்களில், சினைப்பையில் மெதுவாக வளரும் ஒருவகைக் கட்டியும் இருந்தது.

இதற்காகக் காசு செலவழித்து டெலோமியர் நீளத்தை அளந்து பார்க்க வேண்டாம். இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும். பெரிய ஆபத்து பிராக்கா 1, பிராக்கா 2 என்ற மரபணுக்களின் பழுதில் இருக்கிறது. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது இவற்றின் வேலை. பிராக்கா 1 பழுதோடு பிறந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடும்.

இந்தப் பழுது அம்மா வழியில் மட்டும் வருவதில்லை. அப்பாவிடமிருந்தும் மகளுக்கு வரலாம்; அவருக்குப் பழுது இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்குச் சினைப்பை இல்லாததால் பழுது இருப்பதே பல நேரம் தெரியாது. அவருடைய அக்காவுக்கோ தங்கைக்கோ நோய் வந்திருந்தால் அது ஒரு தடயம். குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தது என்று டாக்டர் கேட்டால் அம்மா, பாட்டி, சித்தி என்று சொல்லும் நாம், அத்தையை மறந்துவிடுகிறோம். வேறு வீட்டுக்கு வாழப் போனவர் என்ற நினைப்பு. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற மறதி.

குடும்பத்தில் நடந்த ஒரு சாவை மறக்காதவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பிற்காலத்தில் தென்னிந்தியக் குடும்பங்களில் பிராக்கா பழுதைத் தேடிய ஆய்வுகள் அங்கேயே நடந்தன. பழுது உண்டென்று தெரிந்தால், பிள்ளைப்பேறு முடிந்தபின் உரிய வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடலாம். ஆபத்து வெகுவாகக் குறையும்.

பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றைக் கவனியுங்கள். தீராத வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது. வாயுத் தொல்லை என்று கஷாயம் குடித்தே மாதங்களைக் கடத்துகிறோம். புதிதாக வந்த தொந்தரவு இரண்டு மூன்று வாரமாகியும் விடவில்லை என்றால், அதுவும் 50 வயதைத் தாண்டியவர் என்றால், உடனே காட்டுங்கள். கருப்பை வாய்க்கு எடுக்கும் பாப் பரிசோதனை சினைப்பை நோயைக் காட்டாது.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், புறப்படுமுன் அப்பா வழிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அத்தைக்கு என்ன ஆயிற்று, அப்போது அவருக்கு என்ன வயது? நோயின் பெயர் தெரியாவிட்டாலும், வயிற்றில் கட்டி வந்து போய்விட்டார் என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.